கடற்கன்னி வாலுக்குள் பூஞ்சை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடற்கன்னிபோல் நீந்த இடுப்பிலிருந்து கால்வரை அணியும் சிலிகான் வால் பற்றியவை. அதிலும் பெரும்பாலானவை உள்ளே பூஞ்சை பிடிப்பது பற்றியவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆசைப்பட்டு, காசு சேர்த்து வாங்கிய வால் கண்ணெதிரே கெட்டுப்போவது எவ்வளவு வருத்தமான விஷயம் என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: மூன்று வாரம் பையில் இருந்த சிலிகான் வாலை வெளியே எடுத்தேன். உட்புறம் முழங்காலிலிருந்து பாதம் வரை மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். சிலிகானில் பூஞ்சை வளராது என்று சொல்லித்தான் விற்றார்கள். இனி இந்த வாலைத் தூக்கிப்போட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம், பதறாதீர்கள். விற்றவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. பூஞ்சை சிலிகானைத் தின்பதில்லை. அதன்மேல் நாம் விட்டுவைத்ததைத்தான் தின்கிறது: வியர்வை, உதிர்ந்த தோல், உடம்பின் எண்ணெய்ப் பசை, சன்ஸ்கிரீன், காலை உள்ளே நுழைக்க வழுக்கலுக்காகத் தடவிய கண்டிஷனர். இதெல்லாம் கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலமாக உட்புறம் முழுக்க ஒட்டியிருக்கும். அதோடு ஈரமும் இருட்டும் சேர்ந்து காற்றும் புகாமல் இருந்தால் போதும், 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வேர்பிடிக்கத் தொடங்கிவிடும். நீங்கள் கொடுத்தது மூன்று வாரம்.

குளியலறை ஓரங்களில் பூசுகிற சிலிகானைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பாலும் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்திருப்பார்கள், அப்படியிருந்தும் சில வருஷங்களில் கறுத்துப்போகிறது. உடம்பில் படுகிற வாலுக்கு ஊற்றும் பிளாட்டினம் சிலிகானில் (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் வகை) பொதுவாக அந்த மருந்து இருக்காது, இருக்கவும் கூடாது. ஆகவே காவல் முழுக்க உங்கள் கையில்தான்.

சுத்தம் செய்யும் முறைக்கு வருகிறேன். முதலில் காய்ந்த பூஞ்சையைத் தேய்க்காதீர்கள். காய்ந்த நிலையில் பிரஷ் போட்டால் அதன் வித்துகள் காற்றில் பறந்து உங்கள் மூக்குக்குள்ளும் வீட்டுக்குள்ளும் போகும். திறந்தவெளியிலோ ஜன்னல்கள் திறந்த குளியலறையிலோ வைத்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக நனையுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு விட்டு, மெத்தென்ற ஸ்பாஞ்சால் உட்புறம் முழுவதையும் கழுவுங்கள், புள்ளி இருக்கிற இடத்தை மட்டுமல்ல. பலர் இந்தப் படியைத் தாவிவிட்டு நேராகக் கிருமிநாசினிக்குப் போகிறார்கள், அது வீண் வேலை, ஏனென்றால் எண்ணெய்ப் படலம் அப்படியே இருந்தால் மருந்து பூஞ்சையைத் தொடவே தொடாது.

சோப்புப் போக அலசியபின் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி அடியுங்கள். 10 நிமிடம் அந்த இடம் ஈரமாகவே இருக்க வேண்டும், நடுவில் காய்ந்தால் மறுபடி அடியுங்கள். புள்ளிகள் இருக்கும் இடத்தில் பொங்கிப் பொங்கி நுரை வரும். துணியால் துடைத்து, அலசி, இன்னொரு முறை செய்யுங்கள். தையல் ஓடுகிற இடங்களுக்கும் பாதம் நுழையும் அறையின் மூலைகளுக்கும் பழைய மென்மையான பல் பிரஷ்தான் சரி. உள்ளே நியோப்ரீன் துணி (நீச்சல் உடைகளுக்குப் பயன்படும் நுரை ரப்பர் துணி) ஒட்டியிருந்தால் முதலில் ஒரு மூலையில் அடித்துப் பாருங்கள், பெராக்சைடு சில சாயங்களை வெளுக்கச் செய்யும்.

இவ்வளவுக்குப் பிறகும் சாம்பல் நிறத்தில் நிழல்போல் ஏதாவது தங்கினால் அது பெரும்பாலும் கறைதான். சிலிகான் கண்ணாடி மாதிரி முழுக்க அடைபட்ட பொருள் அல்ல, பூஞ்சையின் நிறமி மேற்பரப்புக்குள் கொஞ்சம் இறங்கிவிடும். அதைச் சுரண்டி எடுக்கப் போய் வாலைக் கிழித்துக்கொள்ளாதீர்கள். அந்த இடத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு வாரம் கழித்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிதாகாமல், வழவழப்பு இல்லாமல், வாடையும் இல்லாமல் இருந்தால் கவலையை விடலாம்.

கேள்வி: ப்ளீச்சும் வினிகரும் சேர்த்து ஊற்றினால் எந்தப் பூஞ்சையும் போய்விடும் என்று என் தோழி சொல்கிறாள். எவ்வளவு சேர்க்க வேண்டும்?

பதில்: ஒரு சொட்டுகூடச் சேர்க்காதீர்கள்! ப்ளீச்சில் வினிகர் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். நுரையீரலைப் புண்ணாக்கும் நச்சு அது. நீங்களோ ஆழமான ஒரு வாலுக்குள் தலையைக் குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவங்களையும் ப்ளீச்சோடு சேர்க்கக் கூடாது. வினிகரையும் பெராக்சைடையும் ஒரே பாட்டிலில் கலந்து வைப்பதும் தப்பு, அது கண்ணையும் தோலையும் அரிக்கும் வேறொரு அமிலமாக மாறும். ஒன்றைப் பயன்படுத்திய பிறகு இன்னொன்று வேண்டுமென்றால் நடுவில் தண்ணீர் விட்டு நன்றாக அலசிவிட வேண்டும். உங்கள் தோழியிடம் இதைத் தயவுசெய்து இன்றைக்கே சொல்லுங்கள்.

தனி ப்ளீச் பற்றிக் கேட்டால், உள்ளே துணியே இல்லாத வெறும் சிலிகானுக்கு மட்டும், பிடிவாதமான பூஞ்சைக்குக் கடைசி வழியாக ஒப்புக்கொள்வேன். சாதாரண வீட்டு ப்ளீச் 20 மில்லியை 1 லிட்டர் தண்ணீரில் கலந்து, 10 நிமிடத்துக்கு மேல் விடாமல், வாடை போகும்வரை அலச வேண்டும். நியோப்ரீன், தையல் நூல், ஜிப், வெளியே வண்ணம் தீட்டிய செதில்கள் எதன்மேலும் அது படக் கூடாது. நியோப்ரீன் விறைத்துப்போகும், நிறம் போகும். வினிகர் மிதமானது, லேசான வாடைக்கும் உப்புப் படிவுக்கும் நல்லது, ஆனால் ஊறிப்போன பூஞ்சைக்கு அதை மட்டும் நம்ப மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல், மண்ணெண்ணெய், டர்பன்டைன், தின்னர் இவற்றில் எதையும் சிலிகான் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சிலிகான் அவற்றை உறிஞ்சி உப்பிவிடும், உப்பிய நிலையில் லேசாக இழுத்தாலே கிழியும்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் அலசி, இரண்டு நாள் பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டுத்தான் மடித்து வைக்கிறேன். வெளியே தொட்டால் நன்றாகக் காய்ந்திருக்கிறது. ஆனாலும் பாதம் நுழையும் இடத்தில் வாடை வருகிறது. இன்னும் என்ன செய்வது?

பதில்: வந்த கடிதங்களிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். பூஞ்சைத் தொல்லை உள்ளவர்களில் பலரும் சுத்தம் செய்வதில் குறை வைப்பதில்லை, உலர்த்துவதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

வாலின் வடிவத்தை யோசித்துப் பாருங்கள். இடுப்பில் ஒரே ஒரு வாய், மறுமுனை முழுக்க மூடியிருக்கிறது. இடுப்பை மேலே வைத்துத் தொங்கவிட்டால் உள்ளிருக்கும் தண்ணீர் முழுவதும் இறங்கி அந்த மூடிய முனையில், அதாவது உங்கள் பாதம் நுழையும் அறையில்தான் தேங்கும். வெளிப்புறம் எத்தனை நாள் காய்ந்தாலும் உள்ளே அது அப்படியே இருக்கும். தொங்கவிடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சிலிகான் வால்கள் 15, 20 கிலோகூட எடை வரும். அந்த எடை முழுவதையும் மெல்லிய இடுப்பு ஓரம் தாங்கினால் அது நீண்டு தொய்ந்துபோகும், கிழியவும் செய்யும்.

முதல் வேலை தண்ணீரை வடிப்பது. ஒரு நீளமான மேசையையோ சாய்வு நாற்காலியையோ சரிவாக வைத்து, துடுப்பு மேலேயும் இடுப்பு வாய் கீழேயும் இருக்கும்படி வாலை முழுநீளத்துக்குப் படுக்க வையுங்கள். அரை மணி நேரம் வடியட்டும். மோனோஃபின் (துடுப்புக்குள் இருக்கும், இரண்டு பாதங்களையும் சேர்த்து மாட்டும் ஒற்றைத் தகடு) கழற்றக்கூடியது என்றால் இதற்கு முன்பே கழற்றித் தனியாக அலசிவிட வேண்டும்.

அடுத்தது உட்புறத்தை வெளியே திருப்புவது. சிலிகானோடு சிலிகான் உரசினால் ஒட்டிக்கொண்டு நகராது, அதனால் காய்வதற்கு முன் ஈரம் இருக்கும்போதே திருப்பிவிடுங்கள், கொஞ்சம் சோப்புத் தண்ணீர் இருந்தால் இன்னும் எளிது. விரல் நுனியாலும் நகத்தாலும் பிடித்து இழுக்காமல் உள்ளங்கையால் அகலமாகப் பிடித்து உருட்டுங்கள். முழங்கால் வரை வந்தாலே பெரிய விஷயம். அதற்குமேல் மோனோஃபின் தடுக்கும், பலவந்தம் செய்ய வேண்டாம். வெளியே வந்த பகுதியைத் துண்டால் ஒற்றியெடுங்கள்.

மிஞ்சுவது அந்தப் பாத அறை. இடுப்பு வாய்க்கு நேராக டேபிள் ஃபேனை வைத்துவிட்டுக் காய்ந்துவிடும் என்று நம்புகிறோம், ஆனால் மறுமுனை மூடியிருப்பதால் காற்று உள்ளே போய் ஈரத்தை எடுத்துக்கொண்டு வெளியேற வழியில்லை. பாதிவரைதான் வேலை செய்யும். அதற்கு ஒரு ரப்பர் குழாயோ நெளியும் பிளாஸ்டிக் குழாயோ வாங்கி, அதன் நுனி பாத அறையின் அடி வரை போகும்படி நுழைத்து, வெளி முனையிலிருந்து காற்றைச் செலுத்துங்கள். ஹேர் டிரையரைக் குளிர்காற்று நிலையில் வைத்து ஊதலாம். மீன் தொட்டிக்கு வைக்கும் சின்னக் காற்று பம்பை அந்தக் குழாயில் மாட்டி இரவு முழுக்க ஓடவிடுவது எனக்கு இன்னும் பிடித்த வழி. காற்று அடியிலிருந்து கிளம்பி ஈரத்தோடு இடுப்பு வழியாகத் திரும்பி வரும். உள்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க நீச்சல் பழகுவோர் பிடித்துக்கொள்ளும் நுரைக் குழாயிலிருந்து ஒரு பகுதியை வெட்டி நடுவே வையுங்கள். பம்பும் ஃபேனும் வடியும் தண்ணீருக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

ஈரப்பதம் 80, 90 சதவீதம் இருக்கிற மழை நாளில் ஃபேன் ஊதுவதும் ஈரக்காற்றைத்தான். அப்படிப்பட்ட நாட்களில் ஏசி அறையிலோ ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்த அறையிலோ, 50 சதவீதம் அளவில் வைத்து உலர்த்துங்கள். வெயிலைப் பலர் நம்புகிறார்கள். சிலிகானுக்கு வெயில் பெரிய கேடு செய்யாது, ஆனால் நியோப்ரீனும் ஒட்டுப்பசையும் வண்ணமும் கெடும், தவிர அந்த வெயில் பாத அறைக்குள் எட்டிப்பார்க்கவே போவதில்லை. நிழலும் காற்றோட்டமும் போதும்.

காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள நாட்களை எண்ணாதீர்கள். ஒரு டிஷ்யூ காகிதத்தைச் சுருட்டி, நீளமான மரக் கரண்டியின் முனையால் பாத அறையின் அடிவரை தள்ளி, மேலேயிருந்து அந்த இடத்தை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, 10 நிமிடம் விட்டு வெளியே எடுங்கள். காகிதம் நொறுநொறுவென்று இருந்தால் பைக்குள் வைக்கலாம். துவண்டு வந்தால் இன்னொரு இரவு பம்பு ஓடட்டும்.

கேள்வி: நான் நிகழ்ச்சிகளில் கடற்கன்னியாக நீந்துகிறேன். ஒரே நாளில் இரண்டு காட்சி, மறுநாளும் காட்சி. நீங்கள் சொல்வதுபோல் முழுக்க உலர்த்த நேரமே கிடைப்பதில்லை. சில சமயம் அதே வாலை இன்னொருவரும் அணிகிறார்.

பதில்: உங்கள் நிலைமை புரிகிறது, முழுக்க உலர்த்தாமல் சமாளிக்கத்தான் வேண்டும். காட்சி முடிந்த உடனே நல்ல தண்ணீரில் உட்புறத்தை அலசிவிடுங்கள். நீச்சல் குளத் தண்ணீரில் குளோரின் இருக்கிறதே, அதுவே கிருமியைக் கொன்றுவிடாதா என்று சிலர் நினைக்கிறார்கள். வாலுக்குள் மாட்டிக்கொண்ட அந்தக் கொஞ்சத் தண்ணீரில் குளோரின் சீக்கிரமே செலவாகிவிடும், மிஞ்சுவது வெறும் ஈரம். அலசியபின் துண்டால் ஒற்றி, 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலை உள்ளே லேசாக அடித்து, ஃபேன் முன் திறந்து வையுங்கள். ஆல்கஹால் தீப்பற்றும், ஆகவே அதன் வாடை போகும்வரை சூடான டிரையரோ சிகரெட்டோ பக்கத்தில் வரக் கூடாது. அடுத்த காட்சிவரை எவ்வளவு நேரம் கிடைத்தாலும் வாலைப் பைக்குள் மட்டும் போடாதீர்கள், கார் டிக்கியில் மூடி வைப்பதும் வேண்டாம். தொடர் காட்சிகள் முடிகிற அன்றைக்கு மேலே சொன்ன முழு உலர்த்தலையும் செய்துவிடுங்கள்.

இரண்டு பேர் அணிவது பற்றி நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஆளுக்கு ஒரு ஜோடி நியோப்ரீன் சாக்ஸ் கட்டாயம், ஒவ்வொரு முறையும் துவைத்துக் காயவைத்தது. சேற்றுப்புண் உள்ள ஒருவர் வெறுங்காலோடு வாலுக்குள் போனால் அடுத்தவருக்கும் அது வரலாம். உங்களுக்குக் கால் விரல் இடுக்கில் அரிப்பும் வெடிப்பும் இருந்தால் மருத்துவரைப் பார்த்துக் குணமாகும்வரை வாலைப் பகிராதீர்கள். முதலாளி முகம் சுளித்தாலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கால் நுழையவே மாட்டேன் என்கிறது. கண்டிஷனர் போடுகிறேன். மக்காச்சோள மாவு தூவினால் நல்லது என்கிறார்கள், உண்மையா?

பதில்: சோளமாவு என்பது ஸ்டார்ச், பூஞ்சைக்கு விருந்து வைப்பதற்குச் சமம். வேண்டவே வேண்டாம். கண்டிஷனரிலும் எண்ணெய்ப் பொருட்கள் இருப்பதால் படலமாகத் தங்கிவிடும், சோப்புப் போட்டுக் கழுவினால்தான் போகும். தண்ணீரில் கரையும் லூப்ரிகண்ட்டைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து ஸ்ப்ரே பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள், அது அலசினால் எளிதாகப் போய்விடும். சிலிகான் எண்ணெய் கலந்த லூப்ரிகண்ட் கூடாது, அதை வால் உறிஞ்சி உப்பிவிடும். குளத்தருகே வெறும் தண்ணீரை உள்ளே ஊற்றிக்கொண்டு நுழைவதுதான் எல்லாவற்றிலும் சுத்தமான வழி, பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

நாள்கணக்கில் எடுத்து வைக்கும்போது உட்சுவர்கள் ஒட்டாமலிருக்க டால்க் பவுடர் கொஞ்சம் தூவலாம். அது தாதுப்பொருள், பூஞ்சைக்கு உணவாகாது. தூசியை மூச்சில் இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் வாலின் உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் வழுவழுவென்று ஏதோ படிந்திருக்கிறது. இதுவும் பூஞ்சைதானா?

பதில்: பெரும்பாலும் இல்லை. குளியலறைத் திரையிலும் இதே நிறத்தில் படிவதைப் பார்த்திருக்கலாம், பல சமயம் அது செராஷியா மார்செசன்ஸ் என்கிற பாக்டீரியா. சோப்பின் மிச்சமும் ஈரமும்தான் அதற்கு உணவு. சோப்புக் கழுவல், பெராக்சைடு, உலர்த்தல் என்று அதே சிகிச்சைதான். காலில் காயமோ சிராய்ப்போ இருக்கும்போது மட்டும் அந்த வாலைப் போடாதீர்கள்.

கேள்வி: உட்புறம் சுத்தமாக இருக்கிறது, புள்ளியே இல்லை. ஆனால் துடுப்பை அழுத்தினால் சொதக் சொதக் என்று சத்தம் வருகிறது, அழுகிய தண்ணீர் வாடையும் அடிக்கிறது.

பதில்: துடுப்புக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. பல வால்களில் மோனோஃபினையும் அதைச் சுற்றியுள்ள நுரைப் பஞ்சையும் சிலிகானுக்குள் வைத்தே மூடிவிடுவார்கள். எங்கோ ஒரு ஊசிமுனை அளவு கிழிசல் இருந்தாலும் ஒவ்வொரு முறை காலை உதைக்கும்போதும் தண்ணீர் உள்ளே போகும், ஆனால் வெளியே வராது. துடுப்பை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, உலர்ந்த டிஷ்யூ ஒன்றை அதன்மேல் விரித்து, கட்டைவிரலால் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் டிஷ்யூவில் ஈரப்பொட்டு தோன்றுகிறதோ அங்கேதான் ஓட்டை. பெரும்பாலும் பாத அறைக்குக் கீழே, துடுப்பு மடங்குகிற இடமாக இருக்கும்.

கண்டுபிடித்த உடனே ஒட்டிவிடாதீர்கள். ஒட்டினால் நாற்றத்தையும் உள்ளேயே பூட்டிவிடுவீர்கள். அந்த ஓட்டை கீழே வரும்படி வைத்துத் தண்ணீரைப் பிழிந்தெடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் நல்ல தண்ணீரும் பிறகு பெராக்சைடும் செலுத்தி வடித்து, கலங்கல் இல்லாமல் வரும்வரை திரும்பச் செய்து, பல நாள் உலரவிட வேண்டும். துடுப்பு கழற்ற முடியாத வகையாக இருந்து, உள்ளே நுரைப் பஞ்சு ஊறிப்போயிருந்தால் வால் செய்தவரிடமே கொடுத்துத் திறந்து பார்ப்பது நல்லது, இதில் கௌரவம் பார்க்க வேண்டாம்.

ஒட்டுவதற்குச் சிலிகான் பசை மட்டும்தான், வேறு எந்தப் பசையும் சிலிகானில் நிற்காது. ஒட்டும் இடத்தை ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். பிளாட்டினம் சிலிகானை நீங்களே கலந்து பூசுவதாக இருந்தால் லேடெக்ஸ் கையுறை போடாதீர்கள். அதிலுள்ள கந்தகம் பட்டால் சிலிகான் இறுகாமல் பிசுபிசுவென்று அப்படியே நின்றுவிடும். வினைல் கையுறை போதும்.

கேள்வி: பயன்படுத்திய வால் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. படத்தில் உட்புறம் கறுப்பாக இருக்கிறது. கழுவினால் போய்விடும் என்கிறார் விற்பவர். எனக்கு ஆஸ்துமா உண்டு. வாங்கலாமா?

பதில்: ஆஸ்துமா உள்ளவர் அந்த வாலைக் கழுவும் வேலையைச் செய்யக் கூடாது என்பது முதல் பதில். பூஞ்சை வித்துகள் மூச்சிரைப்பைத் தூண்டிவிடும். வேறு யாராவது உங்களுக்காகச் சுத்தம் செய்து தருவார்கள் என்றால்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

உள்ளே துணி இல்லாத வெறும் சிலிகான் வால் என்றால் பெரும்பாலும் மீட்டுவிடலாம், கறை மட்டும் தங்கும். நியோப்ரீன் ஒட்டிய வாலில் பூஞ்சை துணிக்கும் சிலிகானுக்கும் நடுவே போயிருந்தால் நான் வாங்க மாட்டேன். அதை வெளியிலிருந்து எதை ஊற்றியும் முழுக்க எடுக்க முடியாது, துணியைப் பிய்த்துப் புதிதாகத்தான் போட வேண்டும். நேரில் போய், இடுப்பு ஓரத்தில் துணி விலகியிருக்கிறதா என்று விரலால் நெம்பிப் பாருங்கள், துடுப்பை அழுத்திச் சத்தம் கேளுங்கள், டிஷ்யூவைப் பாத அறைக்குள் விட்டு எடுத்துப் பாருங்கள். மோந்து பார்க்கும் வேலையை மட்டும் கூட வருபவரிடம் விட்டுவிடுங்கள். விற்பவர் துடுப்பைத் தொடவிடாமல் அவசரப்படுத்தினால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வாங்கினாலும் வீட்டிலுள்ள மற்ற நீச்சல் உடைகளோடு சேர்த்து வைக்காமல், ஒரு முழுச் சுற்று கழுவி, உலர்த்தி, இரண்டு வாரம் தனியாகத் திறந்து வைத்து, புள்ளிகள் திரும்பவில்லை என்று பார்த்த பிறகே உள்ளே காலை விடுங்கள்.